வீட்டு ஸ்டூடியோவுக்குப் பழைய வெயிட்டட் கீபோர்டு: குமரி மாவட்டத்தில் பார்த்து, தட்டி, வாங்கும் முறை

ஓ.எல்.எக்ஸிலோ பேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலோ "88 கீ வெயிட்டட் மிடி கண்ட்ரோலர்" என்று அடித்து, நாகர்கோவிலைச் சுற்றி 50 கிலோமீட்டர் என்று தூரம் வைத்தால் பெரும்பாலும் கை வெறுமையாகத்தான் திரும்பும். (மிடி கண்ட்ரோலர் என்றால் எந்தக் கீயை எவ்வளவு பலமாக அடித்தோம் என்ற தகவலைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் கீபோர்டு; வெயிட்டட் என்றால் பியானோ போலக் கனமான கீ.) அதே இடத்தில் "டிஜிட்டல் பியானோ" என்று அடித்துப் பாருங்கள். யமஹா பி-45, கேசியோ சிடிபி-130, பிஎக்ஸ்-160 என்று ஏதாவது ஒன்று கண்ணில் படும். பிள்ளையைக் கிரேடு பரீட்சைக்குச் சேர்த்தபோது வாங்கியிருப்பார்கள், பிள்ளை பிளஸ் டூ போனதும் துணி போட்டு மூடியிருப்பார்கள். குறைந்த காசில் கிடைக்கிற வெயிட்டட் கீபோர்டு இந்த வகைதான். பின்னால் யூ.எஸ்.பி போர்ட் இருந்தால் அது கண்ட்ரோலராகவும் வேலை செய்யும். உள்ளே இருக்கும் பியானோ சத்தம் கொசுறு.

வாங்கும் முன் ஒரு கேள்வி. உங்களுக்கு வெயிட்டட் கீ உண்மையிலேயே வேண்டுமா? ஆர்கன், சிந்த் லீட், பேடு, தபலா, டிரம் எல்லாம் போட 61 கீ சாதாரணக் கண்ட்ரோலர் போதும். சொல்லப்போனால் அதுதான் வசதி. பியானோ, எலெக்ட்ரிக் பியானோ பகுதிகளை மெதுவிலிருந்து பலமாக ஏற்றி இறக்கி வாசித்து ரெக்கார்ட் செய்பவர்களுக்குத்தான் ஹேமர் கீ, அதாவது உள்ளே சுத்தியல் வைத்த வெயிட்டட் கீ, பயன் தரும். லைட் கீயில் வாசித்தால் வெலாசிட்டி எண்கள் (அடித்த வேகத்தைக் காட்டும், 127 வரை போகும் எண்கள்) 90க்கு மேலேயே குவிந்துகொள்ளும், பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு நோட்டாகத் திருத்த வேண்டிவரும்.

எது வெயிட்டட், எது வெறும் பேச்சு

விற்பவர் "ஃபுல் வெயிட்டட்" என்று எழுதியிருப்பார். அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை, அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். சந்தையில் மூன்று வகை உண்டு. ஸ்பிரிங் மட்டும் உள்ளது முதல் வகை. ஸ்பிரிங்கோடு கீயின் அடியில் சின்ன எடைக்கட்டி வைத்தது செமி வெயிட்டட். கீ ஒவ்வொன்றும் உள்ளே ஒரு சுத்தியலைத் தூக்கும்படி இருப்பது ஹேமர் ஆக்‌ஷன். நமக்கு வேண்டியது மூன்றாவது.

ஏமாறக்கூடிய பெயர்கள் சில. எம்-ஆடியோ கீஸ்டேஷன் 88 செமி வெயிட்டட். அதே கம்பெனியின் ஹேமர் 88தான் ஹேமர். அலெசிஸ் ரிசைட்டல் செமி வெயிட்டட், ரிசைட்டல் ப்ரோ ஹேமர். நெக்டார் இம்பேக்ட் எல்எக்ஸ்88+ செமி. யமஹா என்பி-32 பியானோ மாதிரி தெரியும், ஆனால் 76 கீ, ஹேமர் கிடையாது. யமஹா டிஜிஎக்ஸ் வரிசையில் 505க்கு 88 கீ இருந்தும் ஹேமர் இல்லை. 640, 650, 660 மூன்றிலும் உண்டு. ஆலயங்களிலிருந்து விற்பனைக்கு வரும் ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10, யமஹா பிஎஸ்ஆர் எல்லாம் லைட் கீ, பெரும்பாலும் 61 கீ. இசைக்கு நல்ல கருவிகள், நாம் தேடும் பொருள் அதுவல்ல.

பெயர் தெரியாத மாடலாக இருந்தால் கையால் கண்டுபிடிக்கலாம். பவரை அணைத்துவிட்டு ஒரு கீயை மிக மெதுவாக அழுத்துங்கள். ஸ்பிரிங் கீ அழுத்த அழுத்த இறுகும். ஹேமர் கீ தொடக்கத்தில்தான் கனம் காட்டும், நகர ஆரம்பித்ததும் தானே போய் உட்காரும். விரலைச் சட்டென எடுத்தால் உள்ளே சுத்தியல் திரும்பி விழும் மெல்லிய "தொப்" சத்தமும் கேட்கும். பெரும்பாலான ஹேமர் கீபோர்டுகளில் இடக்கைப் பக்கம் கனம் கூடுதலாகவும் வலக்கைப் பக்கம் குறைவாகவும் இருக்கும்.

பின்பக்கம் என்ன போர்ட் இருக்கிறது?

யமஹாவில் பி-45, பி-105, பி-115, பி-125 எல்லாவற்றிலும் யூ.எஸ்.பி உண்டு. பழைய பி-35, பி-85, பி-95 ஆகியவற்றில் ஐந்து முள் வட்ட மிடி போர்ட்தான். கேசியோவில் சிடிபி-100க்கு வட்ட மிடி. சிடிபி-120, சிடிபி-130, பிஎக்ஸ்-130 முதல் யூ.எஸ்.பி. கோர்க் எஸ்பி-170இல் மிடி அவுட் மட்டும் உண்டு, கண்ட்ரோலருக்கு அதுவே போதும். கோர்க் பி1இல் யூ.எஸ்.பியும் இல்லை, மிடியும் இல்லை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அது ஸ்டூடியோவுக்கு உதவாது. அடுத்து வந்த பி2இல்தான் யூ.எஸ்.பி வந்தது.

வட்ட மிடி உள்ளதை ஒதுக்க வேண்டாம். யூ.எஸ்.பி இல்லாததாலேயே விலை குறையும், ஒரு மிடி-யூ.எஸ்.பி கேபிள் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் பெயரில்லாத மலிவுக் கேபிள் வேண்டாம். நோட்டுகள் நெருக்கமாக வரும்போது சிலவற்றை விழுங்கிவிடும்; நோட் ஆஃப் தகவலை விழுங்கினால் ஒரு சுரம் நிற்காமல் அலறிக்கொண்டே இருக்கும். ரோலண்ட் யூஎம்-ஒன் போன்ற ஒன்று பழையதாகக் கிடைத்தாலும் எடுக்கலாம். உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸிலேயே (மைக்கையும் ஸ்பீக்கரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) மிடி போர்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்: ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 4ஐ4இல் உண்டு, 2ஐ2இலும் சோலோவிலும் இல்லை. இணைக்கும்போது கீபோர்டின் அவுட் இன்டர்ஃபேஸின் இன்னுக்குப் போக வேண்டும். அவுட்டை அவுட்டில் சொருகிவிட்டு "வேலை செய்யல" என்று திரும்பிப் போனவர்கள் உண்டு.

இன்னொரு குறையும் முன்பே தெரிந்திருக்கட்டும். டிஜிட்டல் பியானோவில் பிட்ச் பெண்டு வீல், மாடுலேஷன் வீல் (சுரத்தை வளைக்கவும் அசைக்கவும் உருட்டும் சக்கரங்கள்) பெரும்பாலும் இருக்காது. நாதஸ்வரம், வயலின், புல்லாங்குழல் சத்த மாதிரிகளில் (சாம்பிள்) கமகம் போட வீல் வேண்டும். கைவசம் இருக்கும் 25 அல்லது 49 கீ சின்னக் கண்ட்ரோலரில் வீல் இருந்தால் அதை விற்காதீர்கள். பக்கத்தில் வைத்து வீலுக்கு மட்டும் பயன்படுத்தலாம். இரண்டையும் ஒரே டிராக்கில், ஒரே சேனலில் விட்டால் போதும்.

எந்தப் பக்கம் தேடுவது

நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை வட்டாரத்தோடு நிற்காமல் திருவனந்தபுரத்தையும் சேர்த்துத் தேடுங்கள். அங்கே டிஜிட்டல் பியானோக்கள் கூடுதலாக விற்பனைக்கு வரும். மேற்குக் குமரிக்காரருக்கு மலையாளத்தில் பேரம் பேசுவது புதிதல்ல. நவம்பர், டிசம்பரில் வாங்காமல் இருப்பது நல்லது. கேரல் ரவுண்ட்ஸ், பாடற்குழு ஒத்திகை என்று கீபோர்டுக்கு ஆள் தேடும் காலம் அது. விற்பவர் விலையில் இறங்கமாட்டார். ஜனவரி பாதிக்கு மேல் பேசிப் பாருங்கள்.

பொருள் எந்த ஊரில் இருந்தது என்பதும் முக்கியம். குளச்சல், முட்டம், மணக்குடி போலக் கடலை ஒட்டிய ஊர்களில், ஜன்னலோரமாக இருந்த கீபோர்டு என்றால் உப்புக்காற்று உள்ளே போயிருக்கும். ஹெட்ஃபோன் ஓட்டை, பெடல் ஓட்டை, மிடி முள் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சைக் களிம்பு தெரிந்தால் உள்ளே போர்டும் அதே நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் உப்பு இல்லை, ஆனால் மழை ஈரம். அங்கே பூஞ்சை வாடையையும் எறும்புப் புற்றையும் தேட வேண்டும். கல்ஃபிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த பொருள் என்றால் அடாப்டரைத் திருப்பி, இன்புட் என்ற வரியைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்று இருந்தால் சரி. 120 வோல்ட் மட்டும் என்று இருந்தால் நம் 230 வோல்ட் சாக்கெட்டில் சொருகாதீர்கள். அடாப்டர் எரியும், சில நேரம் கீபோர்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

போனில் கேட்க வேண்டியது

"எல்லாக் கீயும் ஒர்க் ஆகுதா அண்ணே?" என்று கேட்டால் "ஆகுது தம்பி" என்றுதான் பதில் வரும். அதனால் வேறு மாதிரிக் கேளுங்கள். "கடைசியா எப்போ ஆன் பண்ணீங்க?" "எந்த ரூம்ல வச்சிருந்தீங்க, மாடியா கீழயா?" "அடாப்டர் கூட வந்ததுதானா, மாத்தினதா?" "யாராவது கழட்டிப் பாத்திருக்காங்களா?" கடைசிக் கேள்விக்கு வரும் தயக்கத்தைக் கவனியுங்கள். பிறகு அடியில் ஒட்டியிருக்கும் மாடல் லேபிளின் படமும், இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை வெள்ளை, கறுப்பு இரண்டையும் ஒவ்வொன்றாகத் தட்டும் வீடியோவும் அனுப்பச் சொல்லுங்கள். வீடியோ அனுப்ப மறுப்பவரிடம் பெட்ரோல் செலவழித்துப் போக வேண்டாம். பார்க்காமல் ஜிபேயில் அட்வான்ஸ் போடவும் வேண்டாம். "டிரான்ஸ்ஃபர் ஆகிட்டேன், பார்சல் அனுப்புறேன்" என்று சொல்பவரிடம் நிச்சயமாக வேண்டாம்.

பையில் எடுத்துப்போக வேண்டியவை

லேப்டாப். பழைய பிரிண்டருக்குப் போடும் சதுர முனை யூ.எஸ்.பி கேபிள். மாடலுக்கு ஏற்ப மிடி-யூ.எஸ்.பி கேபிள். ஹெட்ஃபோன், அதற்குப் பெரிய ஜாக் கன்வெர்ட்டர். ஒரு சஸ்டெயின் பெடல். டார்ச். பத்து ரூபாய் நாணயம் பத்து, கொஞ்சம் செலோடேப். லேப்டாப் இல்லையென்றால் ஓ.டி.ஜி கேபிளும், மிடி மானிட்டர் செயலி போட்ட ஆண்ட்ராய்டு போனும் போதும்.

வரும் மிடி எண்களைத் திரையில் காட்ட, லேப்டாப்பில் விண்டோஸ் என்றால் மிடி-ஆக்ஸ், மேக் என்றால் மிடி மானிட்டர், இரண்டும் இலவசம். யமஹா பார்க்கப் போகிறீர்கள் என்றால் யமஹாவின் யூ.எஸ்.பி-மிடி டிரைவரையும் வீட்டிலேயே போட்டுக்கொள்ளுங்கள். விற்பவர் வீட்டில் சிக்னல் கிடைக்காமல் டிரைவரைத் தேடிக்கொண்டு நிற்பது நேர விரயம்.

சோதனை

விற்பவர் வாசித்துக் காட்டுவதை ரசித்துவிட்டு, அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அவருக்குச் செத்த கீ எது என்று தெரிந்திருந்தால் அதைத் தொடாமலேயே வாசிப்பார். ஸ்பீக்கர் சத்தத்தை நம்புவதும் சரியல்ல. காதுக்குச் சரியாகத் தோன்றும் கீ, எண்ணில் பார்த்தால் தடுமாறிக்கொண்டிருக்கும்.

முதலில் கண் சோதனை. கீபோர்டின் ஒரு முனையில் குனிந்து, கண்ணைக் கீயின் மட்டத்துக்குக் கொண்டுபோய் மறுமுனை வரை பாருங்கள். வெள்ளைக் கீகள் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஒன்று தாழ்ந்திருந்தால் அடியில் ஃபெல்ட் போயிருக்கலாம், இல்லை கொக்கி உடைந்திருக்கலாம். ஒன்று தூக்கிக்கொண்டிருந்தால் யாரோ கழற்றிவிட்டுச் சரியாக உட்கார வைக்கவில்லை. அடிப்பக்க ஸ்க்ரூக்களின் தலை தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், முன்பு கேட்ட கேள்விக்கு அங்கே பதில் இருக்கும். பிறகு ஒவ்வொரு கீயையும் இடம் வலமாக மெல்ல அசையுங்கள். கொஞ்சம் ஆட்டம் இயல்பு. பக்கத்துக் கீயில் உரசும் அளவு ஆட்டம் கூடாது.

அடுத்தது நாணயச் சோதனை. பவர் தேவையில்லை. பத்து ரூபாய் நாணயம் ஒன்று 7.71 கிராம், ஏழு அடுக்கினால் ஏறக்குறைய 54 கிராம். நல்ல மரப் பியானோவின் நடுப்பகுதிக் கீ சுமார் 50 கிராமில் இறங்கும். டிஜிட்டல் பியானோவில் இதைவிடக் கூடவே எதிர்பாருங்கள். நாணயங்களைச் செலோடேப்பால் கட்டி, கீயின் முன்விளிம்பிலிருந்து 1 சென்டிமீட்டர் உள்ளே மெதுவாக வையுங்கள். எத்தனை நாணயத்தில் கீ தானாக இறங்குகிறது என்பதைவிட, பக்கத்துப் பக்கத்து வெள்ளைக் கீகள் ஒரே எண்ணிக்கையில் இறங்குகின்றனவா என்பதைக் கவனியுங்கள். ஒரு நாணயம் முன்பின் இருக்கலாம். எல்லாம் ஒன்பதில் இறங்கும்போது ஒன்று மட்டும் நாலில் இறங்கினால் அங்கே சுத்தியல் கழன்றிருக்கிறது. ஒன்று மட்டும் பத்துக்கும் அசையவில்லை என்றால் கிரீஸ் காய்ந்திருக்கும், அல்லது உள்ளே ஹேர்பின்னோ வேறு எதுவோ விழுந்திருக்கும். 88 கீக்கும் செய்ய வேண்டாம்; கையில் சந்தேகம் தட்டும் கீக்கும் அதன் இருபுறமும் செய்தால் போதும்.

இனி எண் சோதனை; நேரத்தை இதில் செலவழியுங்கள். யூ.எஸ்.பி இணைத்து மிடி-ஆக்ஸைத் திறந்து, கீபோர்டில் டச் சென்சிட்டிவிட்டி மீடியம் என்ற நிலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஃபிக்ஸட் என்று யாராவது வைத்திருந்தால் எப்படி அடித்தாலும் ஒரே எண்தான் வரும், நல்ல பொருளைக் கெட்டது என்று தள்ளிவிடுவீர்கள். டிரான்ஸ்போஸும் (சுருதியை ஏற்றி இறக்கும் அமைப்பு) பூஜ்யமாக இருக்கட்டும்.

88 கீ என்றால் இடக்கோடி நோட் எண் 21, நடு ஸி 60, வலக்கோடி 108. மிடி-ஆக்ஸ் எண்களைப் பதினாறடிமான முறையில் காட்டும். 7எஃப் என்றால் 127 என்று புரிந்துகொள்ளுங்கள், அல்லது அமைப்பில் சாதாரண எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கீயையும் மூன்று தடவை, மெதுவாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, பலமாக ஒன்று. மொத்தம் 264 தட்டு, பத்து நிமிட வேலை. மெதுவுக்கு 20–40, நடுவுக்கு 60–80, பலத்துக்கு 100க்கு மேல் என்ற அளவில் வந்தால் நன்று. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் 127 வராமல் இருப்பதைக் குறையாக எடுக்க வேண்டாம். வெலாசிட்டி 0 என்று ஒரு வரி வந்தாலும் பதற வேண்டாம். பல கீபோர்டுகள் கீயை விட்டதை அப்படித்தான் சொல்லும்.

பயப்பட வேண்டியது வேறு: மெதுவாகத் தொட்டும் திடீரென 127 காட்டும் கீ. காரணம் இது. கீயின் அடியில் ரப்பர் பட்டை இருக்கும், அதற்குள் ஒவ்வொரு கீக்கும் இரண்டு கார்பன் பொட்டுகள். கீ இறங்கும்போது முதல் பொட்டு சர்க்யூட் போர்டைத் தொடும், கொஞ்சம் கழித்து இரண்டாவது தொடும். இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்துதான் கருவி வேகத்தைக் கணக்கிடுகிறது. முதல் பொட்டில் அழுக்கு படிந்தால் அது தாமதமாக உணரப்படும். இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொட்டது போலாகும். மின்னல் வேகத்தில் அடித்ததாகக் கருவி நினைத்து 127ஐ அனுப்பிவிடும். இரண்டாவது பொட்டில் அழுக்கு என்றால் எண் குறைவாக வரும் அல்லது சத்தமே வராது. பிஎக்ஸ்-160 போன்ற மூன்று சென்சார் கருவிகளில் பொட்டு மூன்று, கதை அதே.

செத்த கீகள் இருந்தால் அவை எந்த எண்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள், நோய் அதிலேயே தெரியும். அங்கொன்று இங்கொன்று என்றால் அழுக்கு; சுத்தம் செய்தால் வரும். ஒரு கோடியிலிருந்து தொடர்ச்சியாக இரண்டு மூன்று ஆக்டேவ் செத்திருந்தால் கீபோர்டுக்குள் ஒரு ரிப்பன் கேபிள் கழன்றிருக்கலாம். பல நேரம் கழற்றிச் சொருகினாலே உயிர் வரும். ஆறு கீ விட்டு ஒன்று, எட்டு கீ விட்டு ஒன்று என்று சீரான இடைவெளியில் செத்திருந்தால் போர்டில் ஒரு லைன் அறுந்திருக்கிறது. உப்புக்காற்றில் அரித்த போர்டில் இது வரும். இதை எடுக்காதீர்கள்.

பிறகு சில்லறைச் சோதனைகள். நடு ஸியைச் சுற்றிய இரண்டு ஆக்டேவில் ஒரே கீயைப் படபடவென்று அடியுங்கள். பிள்ளைகள் பழகியது அந்த இடத்தில், தேய்வும் அங்கேதான் முதலில் வரும். ஒரு கார்டைப் பிடித்துக்கொண்டு யூ.எஸ்.பி முனையை லேசாக ஆட்டுங்கள், இணைப்பு அறுந்து அறுந்து வந்தால் போர்டில் சாலிடரிங் விட்டிருக்கிறது. பெடலை மிதித்தால் கண்ட்ரோல் எண் 64இல் 127, விட்டால் 0 வர வேண்டும். வீல் உள்ள கண்ட்ரோலர் என்றால் தொடாமல் ஒரு நிமிடம் திரையைப் பாருங்கள். கை வைக்காமலே எண்கள் ஓடினால் உள்ளே பொட்டன்ஷியோமீட்டர் தேய்ந்துவிட்டது. இதெல்லாம் முடிய கால் மணி நேரமாவது ஆகியிருக்கும். இப்போது அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி, கை வைக்க முடியாத சூடு கூடாது.

எதைச் சரிசெய்யலாம், எதை விட்டுவிடலாம்

அழுக்கால் வரும் கோளாறு பயப்படும்படியானது அல்ல. அடாப்டரைப் பிடுங்கிவிட்டு, கட்டிலில் தலையணை பரப்பிக் கீபோர்டைக் கவிழ்த்துப் போட்டு அடிமூடியைக் கழற்றுவார்கள். வால்யூம் குமிழில் எடை இறங்காதபடி தலையணையை வைக்க வேண்டும். ஸ்க்ரூக்கள் நீளம் வேறு வேறாக இருக்கும். எது எங்கே இருந்தது என்று போனில் படமெடுத்து, தனித்தனிக் கிண்ணத்தில் போடுங்கள். நீள ஸ்க்ரூவைக் குட்டை ஓட்டையில் முறுக்கினால் மேல்மூடியைத் துளைத்துக்கொண்டு வரும். ரப்பர் பட்டையை எடுத்து, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் போர்டின் கார்பன் பகுதியை மெல்லத் துடைக்க வேண்டும். ரப்பரின் பொட்டுகளை இன்னும் மெல்ல. உப்புத்தாள், பெட்ரோல், துரு நீக்கும் ஸ்ப்ரே எதுவும் ஆகாது. கார்பன் பூச்சு ஒருமுறை போனால் போனதுதான். நன்றாகக் காய்ந்தபின் பட்டையின் காம்புகளை மழுங்கிய குச்சியால் ஓட்டைகளுக்குள் முழுதாக அழுத்தி உட்கார வையுங்கள். ஒரு காம்பு பாதியில் நின்றால் பக்கத்து இரண்டு கீயும் புதிதாகத் தடுமாறும். சுத்தம் செய்தபிறகு முன்பு நன்றாக இருந்த கீ கெட்டுவிட்டதாகச் சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

கீ விழும்போது பிளாஸ்டிக் மோதும் "டக் டக்" சத்தம் ஃபெல்ட் பட்டை அமுங்கியதால் வருவது. அதை மாற்றலாம். மைக் பக்கத்தில் இல்லாமல் மிடி மட்டும் ரெக்கார்ட் செய்பவர் அதோடு வாழவும் செய்யலாம். உடைந்த கீ வேறு விஷயம். சர்வீஸ் சென்டரில் மாடல் எண்ணைச் சொல்லி அந்தப் பாகம் கிடைக்குமா என்று கேட்டபிறகே விலை பேசுங்கள். கெட்ட ஸ்பீக்கர், கீறல், மங்கிய எழுத்து, காணாமல் போன நோட் ஸ்டாண்ட் ஆகியவை கண்ட்ரோலருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பேரத்தில் முகத்தைச் சுளித்து அவற்றைச் சொல்லுங்கள்.

விலை

அதே மாடலோ அதன் அடுத்த மாடலோ புதிதாக இன்று கடையில் என்ன விலை என்று கேட்டுக்கொண்டு போங்கள். பி-45க்கு அடுத்து 2023இல் பி-145 வந்துவிட்டது. "நான் வாங்கினப்போ இவ்வளவு" என்ற பேச்சுக்கு அதுவே பதில். எங்கள் கணக்கு இப்படி: எண் சோதனையில் முழுதாகத் தேறி, அசல் அடாப்டரும் இருந்தால் புது விலையில் பாதி. 60 சதவீதத்துக்கு மேல் கேட்டால் இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து வாரண்டியோடு புதிதாகவே எடுக்கலாம். புது விலை 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 20,000இல் பேச ஆரம்பித்து 24,000இல் நிறுத்த வேண்டும். தடுமாறும் கீகள் இருந்து, சுத்தம் செய்யும் துணிச்சலும் உங்களுக்கு இருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். "லாஸ்ட் என்ன வரும் அண்ணே?" என்று கேட்கும் முன், லேப்டாப் திரையில் 127 காட்டும் கீயை அவரையே தொடச் சொல்லுங்கள். வாதாட வேண்டிய தேவை பாதி குறையும்.

பி-45 என்றால் நீளம் 132.6 சென்டிமீட்டர், எடை 11.5 கிலோ. பைக்கில் ஆகாது. காரில் பின் சீட்டை மடக்கிப் படுக்க வைத்துக் கொண்டுவாருங்கள். கீயின் மேல் அட்டை வைத்துக் கட்டி, கீ மேல்பார்க்க வர வேண்டும். நட்டமாக நிறுத்திக் கொண்டுவந்தால் குலுக்கலில் சுத்தியல்கள் இடம் மாறலாம். பஸ் பார்சலில் போடத்தான் வேண்டும் என்றால் இரு முனையிலும் குறைந்தது 5 சென்டிமீட்டர் தெர்மகோல் வையுங்கள்.

வீட்டில் வைத்து இணைப்பது

சாதாரண எழுத்து மேசை 75 சென்டிமீட்டர் உயரம். அதன்மேல் இதை வைத்தால் கீகள் 85க்குப் போய்விடும், அரை மணி நேரத்தில் தோள் வலிக்கும். கீயின் மேற்பரப்பு தரையிலிருந்து 72 சென்டிமீட்டர் அளவில் வர வேண்டும். கடையில் விற்கும் எக்ஸ் ஸ்டாண்டில் 88 கீ ஆடும். தச்சரிடம் 140 × 35 சென்டிமீட்டர் பலகையில் ஒரு தாழ்வான மேசை செய்துகொள்வது நல்லது. ரப்பர் மரம் நம் மாவட்டத்தில் கிடைக்காத பொருளா என்ன. பதப்படுத்திய பலகையா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் வண்டு துளைத்துவிடும்.

யூ.எஸ்.பி கேபிள் 5 மீட்டருக்குள் இருக்கட்டும். டிஜிட்டல் பியானோவின் வால்யூமைப் பூஜ்யமாக்குங்கள், அல்லது லோக்கல் கண்ட்ரோலை (கீயைத் தொட்டதும் பியானோவே சத்தம் போடும் அமைப்பு) ஆஃப் செய்யுங்கள். இல்லாவிட்டால் பியானோவின் சத்தமும் கம்ப்யூட்டரின் சத்தமும் சேர்ந்து இரட்டையாகக் கேட்கும். மென்பொருள் நோட்டைத் திருப்பிப் பியானோவுக்கே அனுப்பும்படி இருந்தாலும் இதே இரட்டைச் சத்தம் வரும். அந்த மிடி அவுட்டையும் அணைத்துவிடுங்கள்.

அடித்தபின் சத்தம் தாமதமாக வந்தால் கீபோர்டைக் குறை சொல்லாதீர்கள், பஃபர் அளவைப் (கம்ப்யூட்டர் சத்தத்தைச் சேர்த்துவைத்து அனுப்பும் துண்டின் அளவு) பாருங்கள். நொடிக்கு 44,100 சாம்பிளில் 1024 பஃபர் என்றால் 23 மில்லி செகண்டு, 128 என்றால் 3 மில்லி செகண்டுக்கும் கீழே. இன்டர்ஃபேஸுக்கு உரிய ஏ.எஸ்.ஐ.ஓ டிரைவரை (விண்டோஸில் தாமதத்தைக் குறைப்பது) போட்டு 128க்கோ 256க்கோ கொண்டுவாருங்கள். பெடல் தலைகீழாக வேலை செய்தால், அதாவது மிதிக்காதபோது இழுத்துக்கொண்டே இருந்தால், கீபோர்டை அணைத்து, பெடலைச் சொருகி, காலை எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். பல கருவிகள் ஆன் ஆகும்போதே பெடலின் திசையைக் கண்டுகொள்ளும். கேட்கவில்லை என்றால் பெடலின் அடியில் போலாரிட்டி சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள்.

எண் சோதனையில் உங்கள் கைக்குப் பலமான அடி 105இல் நின்றுவிட்டது என்றால், ரெக்கார்டிங் மென்பொருளில் வெலாசிட்டி கர்வை ஏற்றி 105ஐ 127ஆக வரும்படி வையுங்கள். பியானோ சத்த மாதிரிகளின் மேல் அடுக்குச் சத்தங்கள் அப்போதுதான் வெளியே வரும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு மழை என்று இரண்டும் வாங்கும் மாவட்டம் இது. பிளாஸ்டிக் உறை போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும். கெட்டியான பருத்தித் துணியால் மூடுங்கள். கடற்கரை ஊர்க்காரர் ஜன்னலோரம் வைக்க வேண்டாம். வாரத்துக்கு ஒரு தடவையாவது எல்லாக் கீயையும் ஒரு சுற்றுத் தட்டுங்கள். மேசைக்கால்களைச் சுற்றி எறும்புச் சாக்பீஸ் கோடு ஒன்று போடுங்கள். வெதுவெதுப்பான பவர் பகுதிக்கு அருகே எறும்பு கூடு கட்டும். இடி முழங்க ஆரம்பித்தால் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. அடாப்டரைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி, யூ.எஸ்.பி கேபிளையும் கழற்றிவிடுங்கள். பிராட்பேண்ட் வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு வரும் மின்னல் அந்தக் கேபிள் வழியாகவே கீபோர்டுக்கும் போகும்.